முதல் பத்து

தேங்காப்பட்டணம் துறைமுகக் கட்டுப்பாட்டறை.
இரவு ஒன்றே முக்கால்.
காற்று எச்சரிக்கை வந்து நாலு மணி நேரம்.
சொன்ன நேரம் தாண்டியும் திரும்பாதவற்றில்
அதிகம் தாண்டிய பத்துப் படகை
முதலில் கூப்பிடுவதாக ஏற்பாடு.
வயர்லெஸ் ஒன்றுதான்.
கூப்பிடுகிற தொண்டையும் ஒன்று,
ததேயுஸ் அண்ணனுடையது.

என் குவெரி பத்து வரி கேட்டது,
பத்து வரி தந்தது.
பொய் சொல்லவில்லை.

"கடலரசி" என்று வாசித்தார் அண்ணன்.
"கடலரசி."
"மக்கா, இதுவும் கடலரசிதானே?"
ஏழு வரி கடலரசி,
மூன்று வரி மிக்கேல் சம்மனசு.
பட்டியல் தீர்ந்தது.
மிச்சம் எட்டுப் படகு
கோட்டுக்குக் கீழே, இருட்டில்.

படகு டேபிளோடு ஆள் டேபிளைப் பிணைத்துவிட்டு
அதற்குப் பிறகு எண்ணச் சொல்லியிருந்தேன்.
ஏழு பேர் ஏறினால் படகு ஏழாகும்.
அரிவாளுக்கு என்ன,
பத்தாவது வரியில் விழும்.

அவசரத்தில் டிஸ்டிங்ட் போட்டேன்.
ஒரு வரிகூடக் குறையவில்லை.
எப்படிக் குறையும்?
இதில் சூசையடிமை, அடுத்ததில் ஜெறோம்.
வேறு வேறு போன் நம்பர்,
வேறு வேறு ரத்த வகை.
ஒருவன் இன்னொருவனின் நகல் இல்லை என்பது
எந்திரத்துக்குத் தெரிந்திருந்தது.

வெட்டுகிற இடத்தை மாற்றினேன்.
முதலில் படகு. வெறும் படகு. பத்து.
அதை அடைப்புக்குறிக்குள் பூட்டி
அப்புறம் ஆட்களை ஏற்றினேன்,
லெஃப்ட் ஜாயினில்,
ஆள் பெயர் பதியாத வள்ளமும்
தவறி விழாதபடி.
ஒரு படகின் பெயர்கள் எல்லாம் ஒரே கட்டத்தில்,
நடுவில் காற்புள்ளி.

பத்தாவதாக வந்தது ஒரு ஃபைபர் வள்ளம்,
ஜெபமணி.
ஆள் கட்டம் காலி.
அண்ணன் மைக்கை அமுக்கினார்.
"ஜெபமணி, ஜெபமணி, கேக்குதா?"
இரைச்சல்.
"ஜெபமணி."
இரைச்சல். பிறகு
யாரோ பொத்தானை அமுக்கிக்கொண்டே
தும்மினான்.
அண்ணன் சிரித்தார், எனக்குக் கை நடுங்கியது.

விடியுமுன் பட்டியலைக் கதவில் ஒட்டினேன்.
கடலரசிக்கு ஒரே வரி. சரியான வரி.
அதன் முன்னால் ஏழு வீட்டு ஆட்கள்
முண்டிக்கொண்டு நின்றார்கள்.
ஜெறோமின் மனைவி
ஒரு காற்புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே
விரலை வைத்தாள்.
மற்றவர்கள் தள்ளியும் எடுக்கவில்லை.