கடைசித் திகதி

"கடைசியாய் எப்ப வந்தது?"
ஒட்டுசுட்டான் கிளினிக்கில்
யோகறஞ்சினி மிஸ் பேனையைத் திறந்துகொண்டு கேட்டா.
மாசி பதினொன்று என்றேன்.

அன்றைக்கு வெடி கிளறும் காட்டில்
மூன்றாவது ஒழுங்கையில் குந்தியிருந்தேன்.
முகக்கவசத்துக்குள் வியர்வை,
நெஞ்சில் பாரமான அங்கி,
மண்ணை விரலளவாய் வழிக்கையில் வந்தது.
விசிலுக்கு இன்னும் இருபது நிமிடம்.
சிவப்புத் தடிகளுக்கு நடுவே
அப்படியே வழித்துக்கொண்டிருந்தேன்.
மிஸ் இதையெல்லாம் எழுதவில்லை,
கட்டத்துக்குள் திகதி மட்டும்.

இன்னொரு திகதி இருக்கிறது,
எந்தப் படிவமும் கேட்காதது.
பதினாறு வயதில், தை மாதம், நின்றது.
பயத்திலோ பசியிலோ.
எதுவும் எங்கள் சொல்வழி கேட்காத அந்த வருஷம்
உடம்பு தன்பாட்டில் ஒரு கதவைச் சாத்தியது.
"நல்லதுதான், துணிக்கு எங்க போறது" என்றாள் சின்னக்கா.
அவளுக்கும் நின்றிருந்தது.

ஆவணியில், செட்டிக்குளம் முகாமில்
தண்ணீர் பவுசர் வரிசையில்
திரும்பி வந்தது.
வாளியை வைத்துவிட்டு ஓடினேன்,
சின்னக்காவிடம் சொல்ல.
நாலைந்து கூடாரம் தாண்டிய பிறகுதான்
ஞாபகம் வந்தது.

மிஸ் தாளில் ஒரு தலை கீறினா,
அதற்குள் பயறளவு ஒரு சுரப்பி.
"முத்தையன்கட்டுத் துருசு எண்டு வையுங்கோ.
மேலயிருந்து சொல்லு வந்தால்தான் திறக்கும்.
குளிசையில இருக்கிற ஓமோன்
அந்தச் சொல்லை வர விடாது.
முட்டை வெளிக்கிடாது. அவ்வளவுதான்."

அட்டையில் இருபத்தொரு வெள்ளை,
கடைசி வரிசையில் ஏழு மண்ணிறம்.
"அது வெறும் இரும்புச்சத்து."

இரும்பா?
காலையில் கருவியைச் சோதிக்கும்போது
என் இடுப்புக்குக் கிட்டக் கொண்டுவந்தால் கத்தும்.
பதினாறு வருஷமாய் ஒரு செல் துண்டு
வாடகையில்லாமல் இருக்கிறது அங்கே.
மிஸ், எனக்கு இரும்பு காணும் என்றேன்.
சிரித்தா.
பிறகு பேனையை மூடி, திறந்து, மூடினா.

மகளுக்கு நாலு வயது.
கூரைத் தகரத்துக்கு எடுத்த கடன் பாதியில்.
ஜெயரூபனும் நானும் இரண்டு இரவு பேசி
இப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.
மாமிக்குச் சொல்லவில்லை.
பேரனுக்குப் பெயர்கூட வைத்திருந்தா.

இரவு ஒன்பதுக்கு போனில் மணி.
என்ன அது என்று கேட்டபோது
தண்ணி மோட்டர் நிப்பாட்ட என்றேன்.
நம்பினா. அல்லது
நம்பினா என்று நான் நம்பினேன்.

வைகாசியில் மோட்டர் எரிந்துபோனது.
திருத்தக் காசில்லை.
கிணற்றில் அள்ளினோம், இரண்டு மாதம்.

ஆடியில் ஒருநாள்
வெயிலில் வெந்து வந்து
சோறும் தின்னாமல் சரிந்துவிட்டேன்.
மணி அடித்து ஓய்ந்து திரும்பவும் அடித்தது.
இருட்டுக்குள் மாமியின் குரல்:

"மோட்டர் எரிஞ்சு ரெண்டு மாசம்.
மணி மட்டும் பிழையில்லாமல் அடிக்குது.
எழும்பிப் போட்டிட்டுப் படு பிள்ளை."

எட்டுப் பெற்றவ
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டா.

போன் வெளிச்சத்தில் அட்டையைத் தடவினேன்.
மண்ணிறத்தில் இரண்டாவது.