கேட்கும் நிலையில்

புந்தா அரேனாஸில் காற்றுக்குப் பிடித்து நடக்கக்
கயிறு கட்டியிருக்கிறார்கள் தெருவோரம்.
கயிற்றை விட்டு ஆய்வகத்துக்குள் வந்தால்
எட்டு மேசை, ஒரு சுவிட்ச், சாயம்போன கேபிள்கள்.

முதல் வாரம் யெர்கோ சர்வர் எழுதினான்,
தான்கா கிளையன்ட்.
தட்டுகிறாள், தட்டுகிறாள், திறக்கவில்லை.
பைட்டுகளை முன்பின் மாற்ற மறந்திருக்கிறான்;
5050-இல் திறந்ததாக நம்பிய கதவு
47635-இல் ஆவென்று திறந்து கிடந்தது.
எல்லாரும் எழுந்துபோய்ப் பார்த்தோம்,
அடுத்த தெருவில் தீப்பிடித்த மாதிரி.

இரண்டாம் வாரத்துப் பிழை வேறு.
நீளமாய் அனுப்பினால் பாதிதான் வரும்.
வந்ததை முழுசு என்று நம்பக் கூடாது.
இதைப் பலகையில் எழுதியதும் நாங்கள்தான்,
மறந்ததும் நாங்கள்தான்.

மூன்றாம் வாரம் என் முறை: ஒட்டுக்கேட்பது.
சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். விதி அது:
கையெழுத்திட்ட தாள், தேதி,
இந்த எட்டு மேசைக்குள் மட்டும்.
பொட்டலங்கள் திரையில் ஓடின, உறையில்லாத கடிதங்களாய்.
சோதனை ஒன்று.
சோதனை இரண்டு.
நண்டு சூப் நண்டு சூப் நண்டு சூப்.
பிறகு, தான்கா யெர்கோவுக்கு:
திங்களிலிருந்து சால்மன் ஆலையில் இரவு ஷிப்ட்.
வகுப்புக்கு இனி வர

அடுத்த பொட்டலத்துக்கு இருபது மில்லிசெகண்ட்.
அதற்குள்
முடியும் என்று நானே முடித்துவைத்திருந்தேன்.

மாட்டேன்.

அறிக்கையில் எழுதியது இவ்வளவே:
பிடித்தவை நாற்பத்து மூன்று. எல்லாம் படிக்க முடிந்தது.
என்ன படித்தாய் என்ற கட்டத்தில்
நண்டு சூப் என்று நிரப்பினேன்.
வெளியே, கயிற்றைப் பிடித்தபடி, தான்கா:
"பார்த்தாயா?"
"பார்த்தேன்."
"அப்படியானால் பூட்டை நீயும் சேர்ந்து போடு."

ஞாயிறு முழுக்க மூவரும் போட்டோம்.
சான்றிதழுக்குக் கையெழுத்திட யாருமில்லை;
நான் நானேதான் என்று
சர்வர் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டது.
அதன் விரல்ரேகை அறுபத்து நான்கு எழுத்து.
யெர்கோ அவள் கையுறைகளின் உள்பக்கம் எழுதினான்,
வலதில் முப்பத்திரண்டு, இடதில் முப்பத்திரண்டு.
ஒன்றைத் தொலைத்தால், என்றேன்.
தொலைக்க மாட்டேன், என்றாள்.

திங்கள் இரவு. அவள் நாற்காலியில் என் கோட்டு.
பத்து பதினேழு, ஆலையில் இடைவேளை போலும்;
திரையில் ஒரு வரி: நூற்றுப் பதினொரு பைட்.
மூன்றாம் மேசையில் யெர்கோ சிரிக்கிறான்.
எதற்கென்று எனக்கு இனித் தெரியாது.

அறிக்கையின் கடைசிக் கேள்வி இன்னும் காலி:
பூட்டிய பின்னும் வெளியே தெரிவது எது?
நேரம், என்று எழுதுகிறேன். நீளம். எங்கிருந்து.
பேனாவை எடுக்கவில்லை இன்னும்,
அடுத்தது வருகிறது.
எழுபத்திரண்டு.