பென்சிலை எடுக்காமல்

எட்டு நாற்பதுக்கு மானுடவியல்.
ஜனவரிப் பனி ஜன்னலுக்கு வெளியே
தில்லியை இன்னும் வரைந்து முடிக்கவில்லை.
வருகைப் பதிவேட்டில் செங்கமலத்தை இரண்டாக உடைத்து
'சென், கமல்' என்று கூப்பிடுவார் சர்க்கேல் மேடம்.
ஒரு செமஸ்டராக நான் வங்காளி ஆண்.
கையை மட்டும் தூக்கிவிடுகிறேன்.

ஆண் என்றால் முக்கோணம். பெண் வட்டம்.
சமக்குறி போட்டால் கல்யாணம்.
உருவத்தின் குறுக்கே கோடு கிழித்தால் சாவு.
நடுவில் நிற்பவருக்கு, அதாவது எனக்கு,
ஈகோ என்று பெயர்.
உறவுமுறைப் பாடம் தெற்கே இறங்கியதும்
வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது,
போன வாரம் லால்ரின்பூயியைப் பார்த்த மாதிரி.
அவளிடம் தலைவேட்டை பற்றிக் கேட்டார்கள்.
எங்கப்பா எல்.ஐ.சி.யில் வேலை பார்க்கிறார் என்றாள்.

சாக்பீஸ் வாங்கிப் பலகையில் போட்டேன்:
அம்மா கட்டிக்கொண்டது தன் தாய்மாமனை.
சமக்குறி ஒரு தலைமுறை ஏறிப் போக வேண்டியிருந்தது.
கோடு வளைந்து
பெரிய மாமா தலைக்குமேல் சுற்றி
டியூப்லைட் ஸ்விட்சில் இடித்து நின்றது.
"பியூட்டிஃபுல்!" என்றார் மேடம்.
பதினாறு வயது வித்தியாசத்தை
அதுவரை யாரும் எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னதில்லை.

அசைன்மென்ட்: மூன்று தலைமுறை, ஒரே தாள்.
ஹாஸ்டல் மொட்டைமாடியிலிருந்து சாத்தூருக்குப் போன் போட்டேன்.
அம்மா, நீங்க மொத்தம் எத்தனை பேர்?
அங்கே குக்கர் ஒரு விசில் விட்டது.
"மூணு பேர்னு போட்டுக்கோ."

போட்டுக்கோ.

அம்மாவின் சீரோடு வந்தவை நாலு எவர்சில்வர் தட்டு.
ஒரே கடை, ஒரே அளவு,
விளிம்பில் ஆளுக்கொரு பெயர் வெட்டியது.
நாலாவதில் பெயரை ஆணியால் சுரண்டியிருக்கிறார்கள்.
சுரண்டிய இடம்தான் தட்டிலேயே அதிகம் மினுங்கும்.
விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதில்தான் சோறு.
ரசம் ஊற்றிச் சாய்த்துப் பிடித்தால்
'பூ' வரைக்கும் படிக்கலாம்.

இரண்டு மணிக்குக் காட்சிக் கலை அறிமுகம்.
விருப்பப் பாடம், நாலு கிரெடிட்,
டர்பன்டைன் நாற்றம், முப்பது பேருக்கு ஒரு ஹீட்டர்.
மார்க் சுலபமாக வரும் என்று
விஸ்வவித்யாலயா மெட்ரோ படிக்கட்டில் யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தேன்.
மேஜைமேல் முக்காலி ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு
கப்தியால் சார் சொன்னார்:
முக்காலியை வரையாதீர்கள்.
காலுக்கும் காலுக்கும் நடுவில் இருக்கிறதே, அதை வரையுங்கள்.
பென்சிலை எடுக்கக் கூடாது. தாளைப் பார்க்கக் கூடாது.

விரல் மரத்துப்போனது.
எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல்
மூலை மூலையாகத் திரும்பினேன்.
பக்கத்தில் யாரோ தும்மியபோது ஒரு கோடு எகிறியது,
அதையும் அழிக்கவில்லை.
நாற்பது நிமிடம் கழித்துக் குனிந்தால்
நான் கையே வைக்காத இடத்தில்
முக்காலி நின்றுகொண்டிருந்தது.
ஒரு கால் மட்டும் குட்டை.

அன்று இரவு சார்ட்டை மறுபடி போட்டேன்.
பெரிய மாமா முக்கோணம். அம்மா வட்டம்.
சின்ன மாமா முக்கோணம்.
குறுக்குக் கோடு போட முடியாது,
அதற்கு ஆள் செத்திருக்க வேண்டும்.
ஓடிப்போனதற்கு என்ன குறி என்று
மேடத்திடம் நான் கேட்கவில்லை.
தட்டு அடுக்கில் அது எப்போதும்
அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் நடுவில் இருக்கும்.
அங்கே கொஞ்சம் விட்டேன்.

வியாழக்கிழமை திரும்பி வந்தது.
பத்துக்கு ஏழு.
சிவப்பு மையில்: இடைவெளி சீராக இல்லை, அளந்து போடவும்.
கேன்டீனில் உட்கார்ந்து
லால்ரின்பூயியின் ஸ்கேலை வாங்கி அளந்தேன்.
ஒரு வட்டம் தாராளமாகப் போகும்.
கொஞ்சம் நெருக்கிப் போட்டால்
ஒரு சமக்குறியும்,
அதற்கு அந்தப் பக்கம்
எனக்குப் பெயர் தெரியாத ஒரு முக்கோணமும்.