நுரைக் கோப்பை

தொட்டிக்குக் கீழே அலமாரி. அலமாரிக்குள்
முப்பத்துநான்கு சென்டிமீட்டர் உயரம்.
இரண்டு முறை அளந்தேன்.
டேப்பை நான் தளர்வாகப் பிடித்திருப்பேன் என்று
மூன்றாம் முறை ராடிம் அளந்தான்.
முப்பத்துநான்குதான்.

ப்ர்னோவிலிருந்து எந்தக் கடலுக்குப் போவதென்றாலும்
அரைநாளாவது வண்டி ஓட்ட வேண்டும்.
ஆறாவது மாடியில் எங்கள் கடல் எண்பது லிட்டர்,
வாளியில் உப்புக் கரைத்து நானே செய்தது.
கோமாளி மீன் இரண்டு, இறால் ஒன்று,
பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்து
வாடகை தராமல் குடியிருக்கும் நத்தை ஒன்று.
தின்றதில் மிச்சமும் தின்று கழித்ததும்
அதே எண்பது லிட்டருக்குள் சுற்றிச் சுற்றி வருகின்றன.
பெரிய கடலுக்குப் பெரிய வயிறு.
இதற்கு ஒரு ஸ்கிம்மர் வாங்கியாக வேண்டும்.

ஓத்மார் கடையில் மூன்றை எடுத்து வைத்தார்.
முதலாவது நல்ல உயரம், நல்ல உழைப்பாளி,
முப்பத்தாறு சென்டிமீட்டர்.
"மேல்பலகையில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டால்..."
அந்தப் பலகை மேல்தான் கடல் நிற்கிறது, ஓத்மார்.

இரண்டாவது தொட்டியின் முதுகில் தொங்குவது.
தொட்டியின் முதுகு சுவரில்,
சுவருக்கு அந்தப் பக்கம்
திருமதி ஷிண்டெலார்ஷோவாவின் தலையணை.
எங்கள் வீட்டில் யார் எப்போது தும்மினார்கள் என்று
தேதியோடு சொல்லக்கூடியவர்.

மூன்றாவது கைக்கு அடக்கம்.
காபிக் குடுவையைவிடக் கொஞ்சம் வளர்த்தி.
இருநூறு லிட்டர் வரை, என்றது பெட்டி.
நான் ஓத்மாரைப் பார்த்தேன்.
"பெட்டி பேசுவதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.
பாதி போதும் எனக்கு.

ஓடவிடச் சொல்லிக் காதை வைத்தேன்.
மூன்று வீடு தள்ளி யாரோ அப்பளம் பொரிக்கிற அளவுக்குச் சத்தம்.
பிறகு கடைத் தரையில் மண்டியிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டு
ஒரே கையால் கோப்பையைக் கழற்றிப் பார்த்தேன்,
சிந்தாமல் வருகிறதா என்று.
வெள்ளெலிக்குத் தீனி வாங்க வந்த ஒருவர்
கொஞ்சம் விலகி நின்றுகொண்டார்.

"இதில் குமிழி என்ன செய்கிறது என்றால், அம்மா..."
ஓத்மார் விளக்கத் தொடங்கினார்.
பதினெட்டு வருடமாக நான் குமிழிகளிடம்தான்
சம்பளம் வாங்குகிறேன், என்றேன்.
நகரத்தின் கழிவுநீர் நிலையம், காற்றூட்டும் பிரிவு.
அவர் மீதியை விழுங்கிக்கொண்டு
பில் போட்டார்.

ஐந்து நாள் ஒன்றுமில்லை.
வெறும் வெள்ளைக் குமிழி, காலிக் கோப்பை.
"ஏமாந்துவிட்டாய்" என்றான் ராடிம்,
தினமும், காலணி நாடா கட்டிக்கொண்டே.
புதுப் பிளாஸ்டிக்கின் பிசுக்குப் போகட்டும், என்றேன்.
திருகை ஒரு மயிரிழை திருப்பினேன்.
மறுநாள் அரை மயிரிழை திருப்பி வைத்தேன்.

ஆறாம் நாள் இரவு
கோப்பையில் இரண்டு விரல் உயரம்,
பழைய டிகாக்‌ஷன் நிறத்தில்.
மூடியைத் திறந்தேன்.
ராடிம் பால்கனிக்கு ஓடினான்.

எனக்கு அந்த நாற்றத்தைத் தெரியும்.
டிராம் ஏறுவதற்கு முன்னால்
இரண்டு முறை ஷாம்பூ போட்டு
தலையிலிருந்து கழற்றி வைத்துவிட்டு வருவது.
அதைக் காசு கொடுத்து
வீட்டுக்கே வரவழைத்திருக்கிறேன்.
சிரிப்பாக வந்தது. மண்டியிட்டபடியே சிரித்தேன்.
இறால் கண்ணாடிக்கு வந்து எட்டிப் பார்த்தது.

கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விட்டேன்.
ஆறு மாடி இறங்கி,
திருமதி ஷிண்டெலார்ஷோவாவின் தூக்கத்தை ஒட்டிப் போய்,
தெருவுக்கு அடியில் திரும்பி,
ஊரோடு ஊராகக் கலந்து
காலை ஆறேகாலுக்கு
நான் மதகு திறக்கும்போது வந்து சேரும்.
எது எங்களுடையது என்று தெரியப்போவதில்லை.
ஆனாலும் அந்த நீரில் எங்கோ
ஒரு துளி
கரிக்கும்.