உழைப்பதும் பிடிப்பதும்

பின்சக்கரப் பள்ளத்தில்
ஒற்றை ரூபாயைச் செருகிப் பார்க்கிறார் முனாவர் பாய்.
மொட்டைத் தலையில் சீப்பு வைத்தாற்போல்
வழுக்கி விழுகிறது நாணயம்.
ஜே.சி. ரோட்டு நடைபாதையில் அது உருண்டோட
கடைப்பையன் காலால் அமுக்குகிறான்.

‘இதுலயா மழையில ஓட்டினே?’

ஓட்டினேன்.
காலை ஐந்தரைக்கு மல்லேஸ்வரத்தில் ஒரு வெறும் வயிறு,
ஆறேகாலுக்கு ராஜாஜிநகரில் ஒரு வெறும் வயிறு,
ஏழுக்கு விஜயநகரில் சர்க்கரைக்காரர் ஒருவர்
ஆறப்போகும் காபியைப் பார்த்தபடி
என்னைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.
குத்தி, நிரப்பி, பெயர் ஒட்டி,
ஊரார் ரத்தம் ஐஸ் பெட்டியில் குலுங்க
நாளைக்கு அறுபது கிலோமீட்டர்.
வண்டி நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
என்னைப்போல் இரண்டு பேர், அவ்வளவுதான்.

இரண்டு டயர்களை இறக்கிப் போடுகிறார்.
ஒன்று கெட்டி. நகம் இறங்காது.
நாற்பதாயிரம் ஓடுமாம்,
ஈரத்தில் மட்டும் கொஞ்சம் பிகு பண்ணுமாம்.
மற்றது கட்டைவிரலை வாங்கிக்கொள்கிறது.
தண்ணீரிலும் தரையை விடாது,
பதினெட்டாயிரத்தில் தீர்ந்துபோகும்.

நீண்ட நாள் வருவதை
உழைக்கும் என்கிறோம் நாம்.
செருப்பு உழைக்கும். குடை உழைக்கும்.
விடாமல் பற்றுவது பிடிக்கும்.
மனசுக்குப் பிடிப்பதற்கும் அதே சொல்தான்.

பில் புத்தகத்தின் முதுகில் கணக்குப் போட்டேன்.
மாதம் ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.
கெட்டி டயர் இரண்டு வருஷம் தாண்டும்.
வண்டிக் கடன் இன்னும் ஒன்பது மாதம்.
ஸ்ரீராமபுரத்து வீட்டு ஒப்பந்தம் பதினொன்று.
லேபில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து.
இருப்பதிலேயே நெடிய வாக்குறுதியை
ஒரு ரப்பர் வளையம் தருகிறது எனக்கு.
அப்போதும் இதே பெட்டியைத்தான் சுமப்பாயா
என்று அது கேட்டுவிடுமோ என்றிருந்தது.

கேட்கவில்லை. புரட்டினேன்.
பக்கவாட்டில் நான்கு இலக்கம்:
எந்த வாரம், எந்த வருஷம் பிறந்தது என்று.
மூன்று வருஷமாய்ப் பரணில் காய்ந்த சரக்கு.
‘வேற எடுங்க பாய்.’
‘அரே, இதெல்லாம் படிக்கத் தெரியுதே!’
குழாயில் தேதி பார்க்கிறவளுக்கு
இது தப்புமா.

போன ஆடியில்
சிர்சி சர்க்கிள் பக்கம், பாலம் இறங்குமிடத்தில்
பிரேக் பிடித்தேன், முன்சக்கரம் பிடிக்கவில்லை.
முழங்கை தோல் போனது. அது போகட்டும்.
கமலாக்ஷி என்று எழுதிய குழாய் உடைந்தது.
திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.
என் சட்டைக் கையைப் பார்த்தார்.
எதுவும் கேட்காமல்
மற்ற கையை நீட்டினார்.

‘பின்னாடி கெட்டி. முன்னாடி இளக்கம்.’
‘ரெண்டும் வேற கம்பெனி ஆயிடும்மா.’
‘ஆகட்டும்.’
பின்னது சுமக்கட்டும். முன்னது நிறுத்தட்டும்.
முன்னூறு ரூபாய் கூட,
அந்த வாரம் வெளியில் சாப்பாடு இல்லை.

லீவர் போட்டு நெம்பி, ட்யூப் நுழைத்து,
சோப்புத் தண்ணீர் தடவி,
டப்பென்று விளிம்பு உட்கார்ந்த சத்தத்தில்
எதிர்க்கடைப் புறாக்கள் கிளம்பின.
புது டயரெல்லாம் கறுப்பு முடி,
கன்றுக்குட்டியின் முகவாய் மாதிரி.

‘முதல் நூறு கிலோமீட்டர் வழுக்கும். மெதுவா.’

மினர்வா சர்க்கிளில் தூறல் பிடித்துக்கொண்டது.
பெட்டி காலி. இன்று யார் ரத்தமும் இல்லை,
என்னுடையது தவிர.
இருபதில் போகிறேன்.
பின்னால் ஆட்டோக்காரர்
‘ஹோகம்மா, ஹோகு’ என்று ஹாரனில் கை வைத்திருக்கிறார்.
போகிறேன்.
இன்னும் தொண்ணூற்றெட்டு இருக்கிறது.