பற்றவைப்பு

ஒன்பதாவது நாள்.
காற்று கொட்டகைக் கதவை விடவில்லை,
நான் போல்ட்டை விடவில்லை.

எண்பத்தைந்தில் செய்த மூன்று சக்கர வண்டி.
கவிழ்கிறது கவிழ்கிறது என்று
கடைசியில் விற்பதையே நிறுத்திவிட்ட ரகம்.
நாற்பது டாலரும் ஒரு வாளி உப்புக் காட் மீனும் கொடுத்து
ஆம்ப்ரோஸ் கீப்பிங்கிடம் வாங்கினேன்.
கயிறு கட்டி இழுத்து வந்தபோது
பின்னாலிருந்து கத்தினான்:
“அந்த நீள போல்ட்டு மட்டும் வராது. சொல்லிட்டேன்.”

பின் சக்கரக் கவையைச் சட்டத்தோடு கோத்துப் பிடிக்கும்
ஒரே ஒரு போல்ட்.

மற்றதெல்லாம் வந்தது, முனகிக்கொண்டாவது.
கார்புரேட்டர் கிண்ணத்தில் ஒரு திருகின் தலை
வெண்ணெய்போல் வழிந்துகொண்டது;
ரம்பத்தால் அதன் நெற்றியில் புதுக்கோடு கீறி
வெளியே அழைத்தேன்.
பிரேக் டிரம்முக்குள் கடல் மணல்,
ஒரு நத்தை ஓடு,
எலி சேர்த்த பஞ்சு.
ஜூன் தோறும் கேப்ளின் மீன் அள்ளக்
கரைக்குப் போய்வந்த வண்டி.
உப்பு போகத் தெரிந்த இடத்துக்கெல்லாம் போயிருந்தது.

போல்ட்டுக்குத் துருநீக்கி எண்ணெய் விட்டேன்.
மறுநாள் அதே எண்ணெய், கூடவே கெட்ட வார்த்தை.
டார்ச் வைத்துப் பழுக்கக் காய்ச்சி
மெழுகுவத்தியைத் தேய்த்தேன்.
மெழுகு உள்ளே போனதா ஓடிப்போனதா தெரியாது,
கொட்டகை முழுக்க மாதாகோவில் வாசனை.
அடுத்த வீட்டு கொராலி எட்டிப் பார்த்து
“யாருக்கு இறுதிப் பூசை?” என்றாள்.

அடிமேல் அடித்தால் அம்மியும் நகருமாம்.
அம்மிக்குத் துரு பிடிப்பதில்லை.

ஸ்பேனரில் நாலடிக் குழாயை மாட்டித் தொங்கினேன்.
குழாய் வளைந்தது. ஸ்பேனர் வழுக்கியது.
விரல் முட்டி மூன்றும் சட்டத்தில் பட்டுக் கிழிந்து,
சனிக்கிழமை நண்டுத் தொழிற்சாலையில்
உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் கைவிடும்போதெல்லாம்
அந்த போல்ட்டை நினைத்துக்கொண்டேன்.
விடாக்கண்டன் கொடாக்கண்டன் கணக்கில்
நான் எந்தக் கண்டன் என்று மறந்துபோயிருந்தது.

இன்றைக்கு மல்லாக்கப் படுத்து,
வேறொன்றும் தோன்றாமல்,
நட்டைச் சுற்றிக் கெட்டித்திருந்த கிரீஸ் மண்ணை
ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன்.
முதல் நாளே செய்திருக்க வேண்டும்.
அப்புறம் கம்பித் தூரிகை.
அப்புறம் விளக்கைக் கிட்டக் கொண்டுபோனேன்.

துரு இல்லை.
நட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில்
கடற்புறா எச்சம்போல ஒரு சொட்டு,
உருகி உறைந்த இரும்பு.
யாரோ பற்றவைத்திருக்கிறார்கள்.
கை நடுங்கிய யாரோ.

போனில் ஆம்ப்ரோஸ் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டான்.
“மூஸ் வேட்டைக்குப் போனோம். உள்காடு.
நட்டு கழண்டுகிட்டே இருந்துச்சு.
கேபின்ல விளக்குக்கு வச்சிருந்த ரெண்டு பேட்டரிய
ஜம்பர் கம்பியில கோத்து
கண்ண மூடிக்கிட்டு ஒரு பொட்டு வச்சேன்.
பின்பெட்டியில மூஸோட தொடை,
அதுமேல கால் ஒடிஞ்சு என் தம்பி ஹெட்லி.
இருபத்திரெண்டு கிலோமீட்டர்.
வரக்கூடாதுன்னுதான வச்சேன்.”

“சொல்லியிருக்கலாமே?”

“வராதுன்னு சொன்னேனே.”

கிரைண்டரை எடுத்தேன்.
பொறி என் சட்டைக் கைக்குள் புகுந்தது.
மோசமான வெல்டிங்தான்,
எந்தப் பட்டறையிலும் காட்டிவிட முடியாது.
ஹெட்லி இன்றைக்கும் லேசாகத்தான் நொண்டுகிறான்.
அதை அரைத்துத் தள்ள
எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது.

ஸ்பேனரை மாட்டினேன்.
கால் சுற்றுத் திரும்பியது போல்ட்.

நின்றது.

இனி இது துரு.
இது எனக்குத் தெரிந்த பகை, இதோடு பேசலாம்.
அந்த மெழுகுவத்தியை
எங்கே வைத்தேன்.