நாலரை நிமிடம்

திரையில் பச்சைப் பொட்டு.
சிக்னல் நாலு கோடும் நிறைந்து நிற்கிறது.
ஆனாலும் சூசைதாசனுக்கு ஹயர் வருவதில்லை.

ஸ்டேஷன் வாசல் வரிசையில்
ஆறாவதாக நிற்கிறது அவரது ஓட்டோ.
கொழும்பு ரெயின் வந்து
பெட்டிகளும் பைகளும் இறங்கிக் கலைகையில்
முன்னுக்கு நிற்பவனின் போன் அடிக்கிறது,
பின்னுக்கு நிற்பவனின் போன் அடிக்கிறது.
"கையில எடுத்துத் தட்டினால் உயிர் வருது, தங்கச்சி.
வைச்சிட்டு இருந்தால் செத்துப்போகுது.
செத்த பிறகும் பச்சை காட்டுது."

கஸ்தூரியார் வீதியில் என் கடை எட்டடி அகலம்.
வருவதெல்லாம் உடைந்த கண்ணாடிகள்,
கிணற்றுக்குள் விழுந்து அரிசிக்குள் கிடந்தவை.
உடையாத ஒன்றைக் கொண்டுவந்தவர்
இவர்தான்.

பற்றறிச் சேமிப்பை நிறுத்தினேன்.
பின்னணியில் ஓட அனுமதி கொடுத்தேன்.
கடை வைஃபையில் ஒரு மணித்தியாலம் சும்மா கிடந்துவிட்டு
அனுப்பியவுடன் மணியடித்தது.
போனில் பிழையில்லை.

மறுநாள் மத்தியானம்
ஓட்டோவின் பின் சீற்றில் நான், மடியில் கொப்பி.
மூன்று நிமிடம் சும்மா விட்டேன்: வந்தது.
நாலு: வந்தது.
ஐந்து: இல்லை.
நாலரை: ஒருமுறை வந்தது, ஒருமுறை இல்லை.
என் சிம்மைப் போட்டால் அரை மணித்தியாலமும் தாங்கியது.
அவருடையது மலிவான டேட்டா என்று
போன மாதம்தான் மாற்றிய சிம்.

"நெட்வேர்க்காரன் ஒரு பதிவு வைச்சிருப்பான், அண்ணை,
ஆர் ஆரோட கதைக்கினம் எண்டு.
கொஞ்ச நேரம் சத்தமில்லையெண்டால்
உங்கட பேரை வெட்டிப்போடுவான்."

"வெட்டினதை எனக்குச் சொல்லமாட்டானோ?"

"உங்களுக்கும் சொல்லமாட்டான்,
அங்கால இருக்கிறவைக்கும் சொல்லமாட்டான்.
அவை ஹயர் அனுப்புவினம், அது நடுவழியில விழும்.
நீங்கள் இஞ்சை பச்சையைப் பாத்துக்கொண்டிருப்பியள்."

அவர் சிரிக்கவில்லை.
துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்தார்.

"அப்ப என்ன செய்யவேணும்?"

"அதுக்குள்ள ஒருக்கா ஏதாவது அனுப்பவேணும்.
விசயம் ஒண்டும் தேவையில்லை.
இருக்கிறன் எண்டு மட்டும்."

"ஓ," என்றார். "கையெழுத்து."

தடுப்பிலிருந்து விட்ட பிறகு மூன்று வருடம்,
ஒவ்வொரு வெள்ளியும்.
காய்ச்சலோடு ஒரு வெள்ளி,
மகள் பிறந்த வெள்ளி, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே.
"ஒண்டும் கேக்கமாட்டாங்கள்.
கொப்பியைத் திருப்பி வைப்பாங்கள்.
வைச்சிட்டு வாறதுதான்."

நான் என் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை:
ஓட்டோச் சங்கத்துக்கு அந்தச் செயலியை எழுதியது நான்.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்தால் காணும் என்று
பற்றறியை மிச்சம் பிடிக்க வைத்த இலக்கமும் என்னுடையது.
ஒரு மாத ஹயர் அந்த இலக்கத்துக்குள் போயிருக்கிறது.

அன்றிரவு பதினைந்தை அழித்து நாலு என்று எழுதினேன்.
போவது ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

இப்போது பின்னேரத்துக்கு முன்பே பற்றறி இறங்கிவிடுகிறது.
ஓட்டோவிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தேன்,
அதற்குக் காசு வாங்கவில்லை.
ஏனென்று கேட்டார். வயர் பழையது என்றேன்.

வியாழக்கிழமை அழைத்தார்.
"மூண்டு ஹயர். ஒண்டு கோப்பாய், ஒண்டு நாவற்குழி.
மற்றது பஸ் ஸ்ராண்டுக்கு, நடக்கிற தூரம்.
எண்டாலும் ஏத்தினன்."

நித்திரை வராமல் சேர்வரைத் திறந்து பார்க்கிறேன்.
வரிசையில் மற்றவர்கள் எல்லோரும்
போனை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார்கள்.
விடிய மூன்று மணி எட்டு நிமிடம், ஒரு புள்ளி.
மூன்று பன்னிரண்டு, ஒரு புள்ளி.
மூன்று பதினாறு.

இரவில் தேவையில்லை, நிறுத்திவிட்டுப் படுங்கள் என்று
அவருக்குச் சொல்லவேண்டும்.
இன்னும் சொல்லவில்லை.